தலைவர் யார் என்று கேட்டார்கள்

1973 ஜனவரி 9. டர்பன் நகரின் கொரோனேஷன் செங்கல், ஓட்டுத் தொழிற்சாலையில் அன்று விடிந்தபோது சூளைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் தொழிலாளர்கள் கால்பந்து மைதானத்தில் கூடியிருந்தார்கள். வாரம் முழுக்க மண் பிசைந்து, சுட்டு, சுமந்தவர்களுக்குக் கிடைத்த குறைந்தபட்சக் கூலி 9 ரேண்ட்கூட இல்லை. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி கறுப்பினத் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்வதே குற்றம். நிர்வாகம் வந்து, “உங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், பேசுவோம்” என்றது. கூட்டம் மறுத்துவிட்டது. முன்னால் போய் நிற்பவர் நாளைக்கு வேலையில் இருக்கமாட்டார், அடுத்த வாரம் வீட்டிலும் இருக்கமாட்டார் என்பது அந்த மைதானத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். கூலியை உயர்த்து என்ற கோரிக்கையைக் கூட்டமே ஒரே குரலில் சொன்னது. கைது செய்ய போலீஸுக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை.

கேட்டதைவிட மிகக் குறைவான உயர்வோடுதான் அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் செய்தி திரும்பவில்லை. நூற்பாலை, நகராட்சி, துறைமுகம் என்று ஒவ்வொன்றாக வேலை நின்றது. மூன்றே மாதத்தில் டர்பன் வட்டாரத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். அப்போது நெல்சன் மண்டேலா ராபன் தீவுச் சிறையில் இருந்தார். ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் தடை செய்யப்பட்டு 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. நாட்டுக்குள் அதற்கு இயங்கக்கூடிய அமைப்பு என்று அநேகமாக எதுவும் மிச்சமில்லை.

நமக்குச் சொல்லப்பட்டிருக்கும் கதையில் இந்த மைதானம் வருவதில்லை. மண்டேலா சிறைக்குப் போகிறார், 27 ஆண்டுகள் கழித்து வெளியே வருகிறார், நிறவெறி வீழ்கிறது. பள்ளிப் பாடத்திலும் படித்தது அதுதான், சினிமாவில் பார்த்ததும் அதுதான். மண்டேலாவின் பெருமையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அவர் உள்ளே இருந்த அந்த 27 ஆண்டுகளில் வெளியே என்ன நடந்தது? யார் தள்ளியதால் அந்தச் சிறைக்கதவு திறந்தது? உலக நாடுகளின் பொருளாதாரத் தடை என்று ஒற்றை வரியில் பதில் சொல்லிவிடுகிறோம். உள்நாடு கொதிக்காமல் இருந்திருந்தால் எந்த வெளிநாட்டு வங்கியும் தென்னாப்பிரிக்காவுக்குக் கொடுத்த கடனைத் திரும்பக் கேட்டிருக்காது. அந்தக் கொதிப்பை உண்டாக்கியவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஒதுக்கவும் வேண்டும், உழைக்கவும் வேண்டும்

1948 தேர்தலில் டி.எஃப்.மலான் தலைமையிலான தேசியக் கட்சி வென்றது. அந்தத் தேர்தலில் வெள்ளையர்களுக்குத்தான் பெரும்பாலும் வாக்குரிமை. அடுத்த சில ஆண்டுகளில் சட்டங்கள் வரிசையாக வந்தன. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் எந்த இனம் என்று பதிவாக வேண்டும். எந்த இனம் எந்தத் தெருவில் வாழலாம், எந்தப் பள்ளியில் என்ன படிக்கலாம், யார் யாரை மணக்கலாம் என்பதையெல்லாம் அரசே முடிவு செய்தது. நிலம் அதற்கும் முன்பே பறிபோயிருந்தது. 1913 நிலச் சட்டமும் 1936-ல் அதன் தொடர்ச்சியாக வந்த சட்டமும், நாட்டின் பெரும்பான்மை மக்களான ஆப்பிரிக்கர்களுக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 13 சதவீத நிலம்.

இவை எல்லாவற்றுக்கும் அச்சாணி ஒரு சிறு புத்தகம். 16 வயதைக் கடந்த ஒவ்வொரு ஆப்பிரிக்கரும் எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ். மக்கள் அதை ‘டோம்பாஸ்’ என்று வெறுப்போடு அழைத்தார்கள். முதலாளியின் கையெழுத்து இல்லையா, சிறை. நகரத்தில் அனுமதித்த நேரத்துக்கு மேல் தங்கிவிட்டாயா, சிறை. கடைக்குப் போகும் அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாயா, அதற்கும் சிறை. இந்தச் சட்டங்கள் இருந்த காலம் முழுவதிலும் இவற்றின் கீழ் கைதானவர்களைக் கூட்டினால் ஒன்றரைக் கோடியைத் தாண்டும்.

இந்த ஏற்பாட்டுக்குள் அரசால் கடைசிவரை தீர்க்கவே முடியாத ஒரு முரண் இருந்தது. கறுப்பின மக்கள் கண்ணில் படக்கூடாது. ஆனால் தங்கச் சுரங்கத்தில் இறங்கவும், வீட்டில் சமைக்கவும், குழந்தையைக் குளிப்பாட்டவும், பஸ் கட்டணம் கொடுக்கவும், கடையில் பொருள் வாங்கவும் தினமும் காலையில் அவர்கள் வந்தாக வேண்டும். உள்நாட்டு எதிர்ப்பின் வரலாறு என்பது இந்த ஒரு இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கேயே திரும்பத் திரும்ப அழுத்தக் கற்றுக்கொண்ட வரலாறு.

அது ஒரே நாளில் வந்த அறிவு இல்லை. 1912-ல் புளூம்ஃபான்டைன் நகரில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் உருவானபோது அதன் தலைவர்கள் வழக்கறிஞர்கள், போதகர்கள், ஆசிரியர்கள். மனு எழுதினார்கள். லண்டன்வரை தூது போனார்கள். பலன் இல்லை. அதே நகரத்தில் 1913-ல் துணி துவைத்தும் வீட்டுவேலை செய்தும் பிழைத்த பெண்கள் பாஸ் வாங்க மறுத்துச் சிறைக்குப் போனார்கள். மனுவால் முடியாததை மறுப்பு செய்தது. அந்தப் பகுதிப் பெண்களிடம் பாஸ் கேட்பதை அதிகாரிகள் பல ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

அதே 1913-ல்தான் காந்தியின் சத்தியாகிரகத்தில், பெரும்பாலும் தமிழ்ப் பெண்களைக் கொண்ட ஒரு குழு டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டி நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், ஒப்பந்தக் கூலிகளிடம் வேலையை நிறுத்தச் சொன்னது. சுரங்கங்கள் நின்றன. தில்லையாடி வள்ளியம்மை சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தது இந்தப் போராட்டத்தில்தான். நாம் வள்ளியம்மையோடு கதையை நிறுத்திவிடுகிறோம். அங்கே கதை நிற்கவில்லை. காந்தியோடு நின்ற தம்பி நாயுடுவின் குடும்பத்தைப் பாருங்கள். அவர் மனைவி வீரம்மாள் அந்தப் பெண்கள் குழுவில் சிறை சென்றவர். மகன் நாராயணசாமி அடுத்த தலைமுறைப் போராட்டங்களில் சிறை சென்றார். பேரன் இந்திரஸ் நாயுடு பத்தாண்டுகள் ராபன் தீவில் இருந்தார். பேத்தி சாந்தி நாயுடு 1969-ல் தனிமைச் சிறையில் வைத்து வதைக்கப்பட்ட பிறகும், வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மாட்டேன் என்று நீதிமன்றத்தில் நிமிர்ந்து நின்றார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். காந்தி காலத்துப் போராட்டம் இந்தியர்களின் உரிமைக்கானது. ஆப்பிரிக்கர்களோடு அது கைகோக்கவில்லை. அந்த இடைவெளி மூடுவதற்கு 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1946-ல் இந்தியர்கள் நிலம் வாங்கும் உரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்து ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் சிறை சென்றார்கள். அதை நடத்திய டாக்டர் மான்டி நாயக்கரும் டாக்டர் யூசுஃப் தாதுவும் 1947 மார்ச்சில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் தலைவர் டாக்டர் ஸூமாவோடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். மூவருமே மருத்துவர்கள் என்பதால் ‘டாக்டர்கள் ஒப்பந்தம்’ என்றே அதற்குப் பெயர். இனம் இனமாகப் பிரித்து ஆளும் அரசை இனம் இனமாக எதிர்த்தால் ஜெயிக்க முடியாது என்ற தெளிவு அங்கே எழுத்தில் வந்தது.

ஒரு பென்னியும் உருளைக்கிழங்கும்

1952 ஜூன் 26 அன்று சட்டமறுப்பு இயக்கம் தொடங்கியது. ‘வெள்ளையர்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்த வாசல் வழியாக நுழைந்தார்கள், ஊரடங்கு நேரத்தில் தெருவில் நடந்தார்கள், கைதாகிக்கொண்டே இருந்தார்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். சில ஆயிரம் பேரின் அமைப்பாக இருந்த ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் ஒரு லட்சம் உறுப்பினர்களைத் தொட்டது. 1955 ஜூனில் கிளிப்டவுன் மைதானத்தில் ஏறத்தாழ மூவாயிரம் பிரதிநிதிகள் கூடிச் சுதந்திர சாசனத்தை ஏற்றார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் 156 பேர் மீது ராஜதுரோக வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர்களில் கடைசி ஆள்வரை எல்லோரும் விடுதலையாக 1961 ஆகிவிட்டது. இவையெல்லாம் நன்கு அறியப்பட்டவை. நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது வேறு இரண்டை.

ஜோஹன்னஸ்பர்க் அருகே அலெக்சாண்ட்ரா என்ற கறுப்பர் குடியிருப்பு. 1957 ஜனவரியில் பஸ் கட்டணம் நான்கு பென்னியிலிருந்து ஐந்து பென்னி ஆனது. ஒரு பென்னிதானே என்று தோன்றும். கூலியில் வயிற்றுக்கே பற்றாத குடும்பத்துக்கு அது அன்றாட ரொட்டி. பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். நகரத்துக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். விடியலுக்கு முன் கிளம்பி நடந்தார்கள், நாள் முழுக்க வேலை பார்த்தார்கள், இருட்டில் மறுபடி நடந்து வீடு திரும்பினார்கள். மழையிலும் நடந்தார்கள். வழியெல்லாம் போலீஸ் நிறுத்தி பாஸைக் கேட்டது, சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கியது, பரிதாபப்பட்டுக் காரில் ஏற்றிக்கொண்ட வெள்ளையர்களையும் மறித்தது. மாதக்கணக்கில் காலிப் பேருந்துகள் ஓடின. வேலைக்கு வருபவர்கள் களைத்துப்போய் வருவது முதலாளிகளுக்கு நஷ்டமானது. கடைசியில் வர்த்தகர்கள் இறங்கிவந்தார்கள். அந்தக் கூடுதல் பென்னியை முதலாளிகள் கொடுக்க வேண்டும் என்று அரசே சட்டம் போட்டது. பயணி கொடுத்தது அதே நான்கு பென்னி.

இரண்டாவது, உருளைக்கிழங்கு. பெத்தால் பகுதிப் பண்ணைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. பாஸ் இல்லாமல் பிடிபடுபவர்களிடம், “வழக்கைச் சந்திக்கிறாயா, பண்ணைக்குப் போகிறாயா” என்று கேட்டு அனுப்பும் ஏற்பாடு ஒன்று நடந்தது. கேட்காமலே அனுப்பப்பட்டவர்களும் உண்டு. கணவர் எங்கே போனார் என்று தெரியாமல் மனைவிகள் காவல் நிலையம் காவல் நிலையமாக அலைந்தார்கள். பண்ணையில் உடுத்திய உடையைப் பறித்துக்கொண்டு உருளைக்கிழங்குச் சாக்கை மாட்டிவிட்டார்கள். வெறுங்கையால் மண்ணைக் கிளற வைத்தார்கள், அடித்தார்கள். ‘டிரம்’ பத்திரிகையின் ஹென்றி நுமாலோ 1952-லேயே தொழிலாளியாக உள்ளே நுழைந்து இதை வெளிக்கொண்டுவந்தார். கெர்ட் சிபாண்டே என்ற பண்ணைத் தொழிலாளர் தலைவரும் பத்திரிகையாளர் ரூத் ஃபர்ஸ்ட்டும் விடாமல் பின்தொடர்ந்தார்கள்.

1959-ல் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் எளிமையான ஓர் அழைப்பு விடுத்தது. உருளைக்கிழங்கைத் தொடாதீர்கள். ஏழைகளின் மலிவான உணவு அது. அந்தக் கிழங்கில் நம்மவர்களின் ரத்தம் இருக்கிறது என்ற பேச்சு வீடு வீடாகப் பரவியது. மூன்று மாதம் சமையலறைகளிலும் தெருவோரக் கடைகளிலும் கிழங்கு இல்லை. சந்தைகளில் மூட்டை மூட்டையாகத் தேங்கியது. அந்தப் பண்ணை ஏற்பாட்டை அரசு நிறுத்திவைத்தது. இதற்கு மேடை தேவைப்படவில்லை, ஊர்வலம் தேவைப்படவில்லை. எந்தச் சட்டத்தாலும் ஒரு தாயை உருளைக்கிழங்கு வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

பெண்கள் இதையெல்லாம் வெறும் துணையாக நின்று செய்யவில்லை. 1956 ஆகஸ்ட் 9 அன்று ஏறத்தாழ இருபதாயிரம் பெண்கள் பிரிட்டோரியாவின் அரசுத் தலைமையகத்துக்குப் போனார்கள். லிலியன் இங்கோயி, ஹெலன் ஜோசஃப், ரஹிமா மூசா, சோஃபியா வில்லியம்ஸ் நால்வரும் மனுக்கட்டுகளைச் சுமந்து போய்ப் பிரதமர் ஸ்ட்ரைடமின் அலுவலகத்தில் வைத்தார்கள். பிரதமர் எதிரில் வரவில்லை. முதுகில் குழந்தையோடு வந்த பெண்கள் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்கள்.

ரத்தமும் அமைதியும்

1960 மார்ச் 21. ராபர்ட் சொபுக்வேயின் பான் ஆப்பிரிக்கன் காங்கிரஸ் விடுத்த அழைப்பை ஏற்று, பாஸை வீட்டிலேயே வைத்துவிட்டு ஷார்ப்வில் காவல் நிலையத்தின் முன் மக்கள் கூடினார்கள். எங்களைக் கைது செய்யுங்கள் என்பதுதான் கோரிக்கை. போலீஸ் சுட்டது. 69 பேர் இறந்தார்கள். பலருக்குக் குண்டு பாய்ந்தது முதுகில். ஒன்பது நாள் கழித்து, 23 வயது மாணவர் பிலிப் க்கோசானா ஏறத்தாழ முப்பதாயிரம் பேரைக் கேப் டவுனின் மையத்துக்கு அழைத்துச் சென்றார். அமைச்சரைச் சந்திக்கலாம் என்ற வாக்குறுதியை நம்பி, கூட்டத்தைக் கலையச் சொன்னார். மாலையில் சந்திப்புக்குப் போனவரைக் கைது செய்தார்கள். ஏப்ரல் 8 அன்று இரு காங்கிரஸ்களும் தடை செய்யப்பட்டன.

பிறகு ஆயுதப் போராட்டம், 1963 ஜூலையில் ரிவோனியாவில் தலைமறைவுத் தலைமை பிடிபட்டது, 1964 ஜூனில் ஆயுள் தண்டனை. விசாரணையின்றி 90 நாள் அடைத்துவைக்கும் சட்டம் வந்த ஆண்டே காவலில் சாவுகள் தொடங்கின. சொபுக்வே தண்டனைக்காலம் முடித்த பிறகும் வெளியே விடப்படவில்லை. அவரை உள்ளேயே வைத்திருப்பதற்கென்று ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட ஒரு சட்டப்பிரிவு. ராபன் தீவில் ஒரு தனி வீட்டில், பேச ஆளின்றி ஆறு ஆண்டுகள்.

ஆளும் இனத்துக்குள்ளிருந்தே மறுத்தவர்களை இந்த இடத்தில் நினைக்கத்தான் வேண்டும். ஆரஞ்சு ரிவர் காலனியின் பிரதமராக இருந்தவரின் பேரன், நீதிபதியின் மகன் பிராம் ஃபிஷர், ரிவோனியா வழக்கில் மண்டேலா தரப்பு வழக்கறிஞர்களுக்குத் தலைமை தாங்கினார். பின்பு அவருக்கே ஆயுள் தண்டனை. 1975-ல் புற்றுநோயில் அவர் இறந்தபோது சிறைத்துறை அஸ்தியைக்கூடக் குடும்பத்திடம் கொடுக்கவில்லை. ‘பிளாக் சாஷ்’ என்ற அமைப்பின் வெள்ளையினப் பெண்கள் தோளில் கறுப்புப் பட்டை அணிந்து தெருவில் மௌனமாக நின்றார்கள். பாஸ் வழக்கில் சிக்கியவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசனை மையங்களைப் பல பத்தாண்டுகள் நடத்தினார்கள். எண்ணிக்கையில் இவர்கள் மிகக் குறைவு. இன்னும் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

அறுபதுகளின் பிற்பகுதியில் நாடு அடங்கிக் கிடந்தது. அரசு ஜெயித்துவிட்டதாகத்தான் தோன்றியது.

பயம் போன தலைமுறை

டர்பனில் கறுப்பின மாணவர்களுக்கான மருத்துவப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தவர் ஸ்டீவ் பிகோ. நல்லெண்ணம் கொண்ட வெள்ளை மாணவர்கள் தலைமை தாங்கும் அமைப்பில் தன் மக்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர் வெளியேறினார். கறுப்பின மாணவர்களுக்கென்றே தனி அமைப்பு உருவானது. ஒடுக்கப்பட்டவனின் மனத்துக்குள் இருக்கும் தாழ்வுதான் ஒடுக்குபவனின் பெரிய ஆயுதம் என்பது அவர் கண்டது. அவர் பேசிய கறுப்பினம் என்பதற்குள் ஆப்பிரிக்கர், இந்திய வம்சாவளியினர், கலப்பினத்தவர் மூவரும் அடக்கம். ஸ்ட்ரினி மூட்லி, சத்ஸ் கூப்பர் போன்ற டர்பன் இளைஞர்கள் அவரோடு சேர்ந்ததும் ராபன் தீவுவரை போனதும் அந்த நம்பிக்கையில்தான்.

ஜனவரி 1973-ன் தொழிலாளர்கள் அவர் எழுதியதைப் படித்துவிட்டு மைதானத்துக்கு வந்தவர்கள் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் முளைத்தன. ஒன்று மனத்திலிருந்த பயத்தை எடுத்தது. மற்றொன்று கூலியைப் பற்றிய பயத்தை எடுத்தது.

1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவின் பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். கணக்கையும் சமூகப் பாடத்தையும் ஆஃப்ரிகான்ஸ் மொழியில்தான் படிக்க வேண்டும் என்ற உத்தரவுக்கு எதிரான ஊர்வலம். போலீஸ் சுட்டது. ஹெக்டர் பீட்டர்சன் என்ற சிறுவனைக் கையில் ஏந்தி ஓடும் இளைஞனையும், பக்கத்தில் அலறியபடி ஓடும் அக்காவையும் சாம் இன்ஸிமா எடுத்த படம் உலகம் முழுக்கப் போனது. அடுத்த சில மாதங்களில் நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் அந்தப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் வேலைக்குப் போகாதீர்கள் என்று கேட்டார்கள். பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக வாய்மூடிப் பிழைத்த வீடுகளில் அது நடந்தது.

1977 செப்டம்பர் 12 அன்று பிகோ இறந்தார். போலீஸ் விசாரணையில் தலையில் பலத்த அடி. நிர்வாணமாக, விலங்கோடு, ஜீப்பின் பின்புறத்தில் கிடத்தி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிரிட்டோரியாவுக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கு வயது 30. அக்டோபர் 19 அன்று ஒரே நாளில் 18 அமைப்புகளைத் தடை செய்தார்கள்.

தெருவே அமைப்பானது

அரசு ஒவ்வொரு முறையும் தலைவர்களை அகற்றியது. எண்பதுகளில் மக்கள் அதற்கு ஒரு விடை கண்டுபிடித்தார்கள். 1983-ல் புதிய அரசியல் சட்டம் ஒன்று வந்தது. வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகியோருக்கு மூன்று தனித்தனி அவைகள். ஆப்பிரிக்கர்களுக்கு எதுவும் இல்லை. நாலு பேரில் இரண்டு பேரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் திட்டம். அதை எதிர்த்து ஆகஸ்ட் 20 அன்று கேப் டவுனின் மிட்செல்ஸ் பிளெயினில் ஐக்கிய ஜனநாயக முன்னணி உருவானது. அது ஒரு கட்சி அல்ல. தேவாலயக் குழு, வாடகைதாரர் சங்கம், மாணவர் அமைப்பு, பெண்கள் குழு, விளையாட்டுக் கழகம் என நூற்றுக்கணக்கான அமைப்புகளின் கூட்டு. இதைத் தடை செய்வதென்றால் ஒவ்வொரு தெருவையும் தடை செய்ய வேண்டும்.

அந்தப் புதிய அவைகளுக்கு 1984 ஆகஸ்டில் நடந்த தேர்தலில், பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்தான் வாக்களித்தார். தனக்கு மட்டும் நீட்டப்பட்ட சலுகையை வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பதற்கு வீரத்தைவிடப் பெரிதாக ஒன்று வேண்டும். தென்னாப்பிரிக்க இந்தியர்களின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் நாள் அது.

ஈஸ்டர்ன் கேப் பகுதியில் கிரடாக் என்றொரு சிற்றூர். அங்கே மேத்யூ கோனிவே என்ற ஆசிரியர் தெருவுக்கு ஒரு குழு அமைத்தார். வாடகை, திருட்டு, குடும்பச் சண்டை, போராட்டம் எல்லாம் அங்கேயே பேசி முடிவாகும். அரசு அமர்த்திய கறுப்பின நகரமன்றத்துக்கு வேலையில்லாமல் போனது. அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போக மறுத்தார். வேலையை விட்டு நீக்கினார்கள். 1985 ஜூன் 27 இரவு, போர்ட் எலிசபெத் கூட்டத்திலிருந்து திரும்பும் வழியில் கோனிவே, ஃபோர்ட் கலாட்டா, ஸ்பாரோ இம்கோண்டோ, சிசெலோ இம்லவுலி நால்வரையும் பாதுகாப்புப் போலீஸ் கடத்திக் கொன்று எரித்தது. இறுதிச் சடங்குக்குப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். கூட்டம் போடத் தடை இருந்த காலத்தில் சவ ஊர்வலமே கூட்டம். அன்றே குடியரசுத் தலைவர் பி.டபிள்யூ.போத்தா நெருக்கடி நிலையை அறிவித்தார்.

அந்த ஆண்டு ஜூலையில் போர்ட் எலிசபெத்தின் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளில் எதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். முன்நின்றவர் இம்குஸெலி ஜாக் என்ற இளைஞர். குடியிருப்புகளிலிருந்து ராணுவத்தை வெளியேற்று, கைதானவர்களை விடு என்பது கோரிக்கை. சில வாரங்களில் கடைவீதி வெறிச்சோடியது. தலைவர்களை அடைத்தார்கள், புறக்கணிப்பு நிற்கவில்லை. கடைக்காரர்களே அரசிடம் போய் அவர்களை விடுதலை செய்யச் சொன்னார்கள். நவம்பரில் விடுதலை கிடைத்தது. தொழிற்சங்கங்களும் இதற்குள் வளர்ந்திருந்தன. 1979-ல் அரசு வேறு வழியின்றிக் கறுப்பினத் தொழிற்சங்கங்களை அங்கீகரித்தது. 1985 முடிவில் காசாட்டு என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு டர்பனில் பிறந்தது. அதன் முதல் பொதுச்செயலாளர் ஜே நாயுடு, ஒப்பந்தக் கூலியாகக் கடல் கடந்த தமிழ்க் குடும்பத்தின் வாரிசு. 1987-ல் மூன்று வாரம் சுரங்கத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள்.

இந்தக் கதையில் மனத்தை நடுங்க வைக்கும் பகுதியும் உண்டு. ஆள்காட்டி என்று சந்தேகிக்கப்பட்டவர்களின் கழுத்தில் பெட்ரோல் ஊற்றிய டயரை மாட்டி எரித்தார்கள். 1985 ஜூலையில் மாக்கி ஸ்கோசானா என்ற இளம்பெண் ஒரு இறுதிச் சடங்கிலேயே கும்பலால் கொல்லப்பட்டார். அவர் ஆள்காட்டி அல்ல என்று உண்மை கண்டறியும் ஆணையம் பின்னாளில் சொன்னது. அதே மாதம் இன்னொரு இறுதிச் சடங்கில் பிஷப் டெஸ்மண்ட் டூட்டு கும்பலுக்குள் புகுந்து ஒருவரை இழுத்துக் காப்பாற்றினார். அரசு உளவாளிகளை ஏவியது, சந்தேகத்தை விதைத்தது என்பதெல்லாம் உண்மை. அதற்காக அந்த டயர்களை நியாயப்படுத்த முடியாது. தலைமை சிறையில் இருந்த இடங்களில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் நீதிபதிகளானார்கள். ஸூலு மக்களைத் தளமாகக் கொண்ட இன்காதா கட்சிக்கும் ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கும் இடையே நட்டாலில் மூண்ட சண்டையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். இன்காதாவுக்கு அரசே ரகசியமாகப் பணம் கொடுத்தது 1991-ல் அம்பலமானது.

கதவு திறந்த கதை

1986-ல் பாஸ் சட்டம் ரத்தானது. மனம் மாறியதால் அல்ல, அதை அமல்படுத்தவே முடியாமல் போனதால். 1989 தொடக்கத்தில் விசாரணையின்றி அடைபட்டிருந்த நூற்றுக்கணக்கானவர்கள் உண்ணாவிரதம் இருந்தே பெருவாரியான விடுதலையைப் பெற்றார்கள். ஆகஸ்டில் கறுப்பின நோயாளிகள் வெள்ளையர் மருத்துவமனைகளுக்குப் போய் எங்களுக்கும் மருத்துவம் பாருங்கள் என்று நின்றார்கள். பார்த்தார்கள். செப்டம்பர் 13 அன்று கேப் டவுனில் முப்பதாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள், தடுக்கப்படவில்லை. 1990 பிப்ரவரி 2 அன்று குடியரசுத் தலைவர் எஃப்.டபிள்யூ.டி கிளர்க் அமைப்புகள் மீதான தடைகளை நீக்கினார். ஒன்பது நாளில் மண்டேலா வெளியே வந்தார். 1994 ஏப்ரல் 27 தேர்தலுக்கு முந்தைய நான்காண்டுப் பேச்சுவார்த்தைக் காலத்தில் மட்டும் அரசியல் வன்முறையில் பதினான்காயிரம் பேர்வரை இறந்தார்கள்.

உண்மை சொன்னால் மன்னிப்பு என்ற ஏற்பாட்டில் உண்மை கண்டறியும் ஆணையத்துக்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. மன்னிப்புப் பெற்றவர்கள் 849 பேர். மறுக்கப்பட்டவர்கள் மீதும், விண்ணப்பிக்கவே செய்யாதவர்கள் மீதும் வழக்குத் தொடர்ந்திருக்க வேண்டும். முந்நூறுக்கும் மேற்பட்ட வழக்குகளை ஆணையம் ஒப்படைத்தது. விடுதலைக்குப் பின் வந்த அரசுகளின் காலத்தில் அவற்றில் பெரும்பாலானவை தூசி படிந்து கிடந்தன.

1971-ல் ஜோஹன்னஸ்பர்க் காவல் தலைமையகத்தின் பத்தாவது மாடியிலிருந்து விழுந்து இறந்த அகமது திமோல் என்ற ஆசிரியர் தற்கொலை செய்துகொண்டார் என்று அன்றைய நீதிமன்றம் எழுதிவைத்தது. குடும்பம் விடவில்லை. 2017-ல் மறுவிசாரணை நடந்து, அது கொலை என்று தீர்ப்பானது. குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் போலீஸ்காரர் வழக்கு முடிவதற்குள் 2021-ல் இறந்துவிட்டார். கிரடாக் நால்வரின் கொலையில் மன்னிப்பு மறுக்கப்பட்ட ஆறு பேரும் அந்தக் கொலைக்காக வழக்கைச் சந்திக்காமலே ஒவ்வொருவராக இறந்துபோனார்கள். கோனிவேயையும் கலாட்டாவையும் சமூகத்திலிருந்து நிரந்தரமாக அகற்ற வேண்டும் என்று அரசுப் பாதுகாப்புக் குழுவுக்கு 1985 ஜூனில் போன செய்தி 1992-லேயே வெளிவந்துவிட்டது. அந்த மரணங்கள் குறித்த மூன்றாவது விசாரணை, கொலை நடந்து 40 ஆண்டுகள் கழித்து, 2025 ஜூனில்தான் தொடங்கியது. விதவைகளும் பிள்ளைகளும் அங்கே கேட்டது, உத்தரவு போட்டவர்களின் பெயர்களை.